உஷார்! மாவுக் கட்டிக்கே எரிந்தது அம்பாறை

போன கிழமை, நான் சொல்லாத ஒரு பேச்சை என் குரலிலேயே கேட்டு என் மனைவி நடுங்கிப்போனாள்.

இஷா தொழுதுவிட்டு வந்து வாசல் பைப்பில் கால் கழுவிக்கொண்டு நிற்கிறேன். குசினிக்குள் என் குரல். "கடையப் பூட்டிட்டன். அம்பாறப் பக்கம் பிரச்சினையாம். ஒருத்தரும் ரோட்டுக்கு எறங்க வாணாம், புள்ளைகள உள்ள எடு." அகப்பையைக் கையில் பிடித்தபடியே அவள் வெளியே ஓடி வந்தாள். எதிரே நான் நிற்கிறேன். என் போன் சேட் பொக்கற்றில் கிடக்கிறது. என்னையும் பார்க்கிறாள், தன் போனையும் பார்க்கிறாள். "அப்ப இது ஆரு?"

வேலை பார்த்தவன் தங்கச்சியின் மகன். இதை எழுதுவதற்காக நான்தான் அவனைச் செய்து காட்டச் சொல்லியிருந்தேன். எப்போது செய்வான், யாருக்கு அனுப்புவான் என்று மட்டும் சொல்லவில்லை, கள்ளன். குடும்பக் குரூப்பில் பெருநாள் சாமான் வாங்குவது பற்றி நான் போட்டிருந்த ஒரு வொய்ஸை எடுத்திருக்கிறான். முக்கால் நிமிடம்கூட வராது. அதை ஒரு செயலிக்குள் போட்டு, கீழே நாலு வரி எழுதியிருக்கிறான். சோறு ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டதாம். சல்லி எவ்வளவு போனது என்று கேட்டேன். "ஒரு சதமும் போகல்ல மாமா" என்றான்.

ஆற அமர மூன்று தரம் கேட்ட பிறகு மனைவி ஒன்றைக் கண்டுபிடித்தாள். "நீங்க என்னோட பேசினா 'புள்ள' எண்டு கூப்பிடாமப் பேசவே மாட்டீங்க. இதுல அது இல்ல." எனக்குச் சின்னச் சந்தோசம். இயந்திரத்துக்கு நம்மட வீட்டுப் பேச்சு தெரியவில்லையே என்று. பொடியன் சிரித்தான். "எழுதியிருந்தா அதையும் சொல்லியிருக்கும் மாமி."

வேறு ஊரில் இது விளையாட்டு. அம்பாறை மாவட்டத்தில் இதை விளையாட்டாக எடுக்க முடியாது. ஏனென்று பொத்துவிலில் இருந்து மருதமுனை வரை கரையோரத்தில் இருக்கிற எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். அன்றைக்குப் பத்து வயதில் இருந்த பிள்ளைகள் இன்றைக்குப் போனும் கையுமாக நிற்கிறார்கள்.

2018 பெப்ரவரி 26, இரவு. அம்பாறை நகரில் முஸ்லிம்கள் நடத்திய ஒரு சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்த ஒருவருடைய கறியில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கரையாத மாவு. எந்தக் குசினியிலும் நடக்கிற காரியம். ஆனால் அதற்கு முன்பே பேஸ்புக்கில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அம்பாறையில் ஒரு முஸ்லிம் மருந்துக் கடைக்காரரிடம் 23,000 மலட்டு மாத்திரைகளைப் பொலிஸ் பிடித்ததாம். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. சிங்களத்தில் 'வந்த பெத்தி' என்று இல்லாத அந்த மாத்திரைக்குப் பேர்கூட வைத்துவிட்டார்கள். இந்தக் கதையை ஏற்கெனவே கேட்டிருந்த கண்ணுக்கு, மாவுக் கட்டி மாத்திரையாகத் தெரிந்தது.

ஆட்கள் கூடினார்கள். காசு மேசையில் இருந்தவரைச் சுற்றி வளைத்து, போட்டாயா, போட்டாயா என்று சிங்களத்தில் கேட்டார்கள். அவருக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும். மாவைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்திருக்கலாம், பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லியும் இருக்கலாம். "ஓம், போட்டோம்?" என்கிற மாதிரி, கேள்வியா பதிலா என்று தெரியாத ஒரு பேச்சு அவர் வாயில் இருந்து வந்தது. யாரோ அதைப் போனில் பிடித்தார்கள். அந்தத் துண்டு பேஸ்புக்கில் ஏறியது. அன்றிரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது, கடைகள் உடைந்தன, வாகனங்கள் எரிந்தன. அடுத்த கிழமை கண்டிப் பக்கம் திகனையில் வேறொரு காரணத்தால் மூண்ட நெருப்புக்கு இந்த வீடியோவும் எண்ணெய் ஊற்றியது. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை. மறுநாள் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் முடக்கியது.

பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அந்தக் கட்டியைச் சோதித்தார். மாச்சத்து. வெறும் மா. ஒரு ஆளை நிரந்தரமாக மலடாக்குகிற மாத்திரை உலகத்திலேயே கிடையாது என்று வைத்தியர்களும் எடுத்துச் சொன்னார்கள். அடுத்த வருசமே, 2019 மே மாதத்தில், அதே கதை சட்டையை மாற்றிக்கொண்டு வந்தது. குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்று ஒரு பத்திரிகை முன்பக்கத்தில் போட்டது. ஆதாரம் எதுவும் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. இலங்கையில் தன் தளம் வெறுப்புக்குப் பயன்பட்டதற்கு பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். எரிந்த கடைக்கு அந்த மன்னிப்பை வைத்து ஒரு ஓடுகூட வாங்க முடியாது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 2018இல் அந்தப் பொய் உண்டாக எத்தனை சாமான் தேவைப்பட்டது? உண்மையான கடை. உண்மையான கறி. கரையாத மா. கோபத்தோடு ஒரு கூட்டம். சிங்களம் சரியாகத் தெரியாத ஒரு அப்பாவி. போனை நீட்டிக்கொண்டு நிற்கிற ஒருத்தன். இவ்வளவும் ஒரே இரவில் ஒரே இடத்தில் கூட வேண்டியிருந்தது. இன்றைக்கு இதில் ஒன்றுமே தேவையில்லை. கடையும் கறியும் தேவையில்லை, கடைக்காரர்கூடத் தேவையில்லை. "தாடி வைத்த கடைக்காரர், பின்னால் பச்சை நிறச் சுவர், பயந்த முகம், 'ஓம், போட்டோம்' என்று சிங்களத்தில் தெளிவாகச் சொல்கிறார்" என்று எழுதிக் கொடுத்தால் போதும், வீடியோவே வந்துவிடும். அன்றைக்கு அந்த மனிதர் தடுமாறிச் சொன்னதில் ஒரு சந்தேகமாவது மிச்சமிருந்தது. இயந்திரம் தடுமாறாது.

நான் உஷார் என்று கத்துவது இதற்காகத்தான்.

செயற்கை நுண்ணறிவு என்றால் ஏதோ பெரிய படிப்பு என்று நினைத்து ஒதுங்கிவிட வேண்டாம். கோடிக்கணக்கான எழுத்தையும் படத்தையும் குரலையும் விழுங்கி, எதற்குப் பின் எது வரும் என்று பழகிக்கொண்ட கிளிப்பிள்ளை அது. அதற்கு உண்மை பொய் தெரியாது. கேட்டதைக் கேட்ட மாதிரி செய்து தரும். நல்லதற்கும் செய்கிறது. என் மருமகன் பரீட்சைக்கு அதை வைத்துத்தான் படிக்கிறான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2023 ஜனவரியிலேயே மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்கள் மூன்று செக்கன் குரலை வைத்து ஒருவரைப் போலப் பேச வைக்கலாம் என்று காட்டிவிட்டார்கள். ஜும்ஆ பயானை முழுசாக யூடியூப்பில் ஏற்றி வைத்திருக்கிற நம் மௌலவிமாரின் குரல் எத்தனை மணித்தியாலம் இணையத்தில் கிடக்கிறது? மூன்று செக்கனுக்கே இந்தக் கதி.

உலகத்தில் நடந்ததையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம். ஸ்லோவாக்கியாவில் 2023 செப்டம்பரில், தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு கட்சித் தலைவர் வாக்கு மோசடி பற்றிப் பேசுவது போல ஒலிப்பதிவு பரவியது. தேர்தலுக்கு முந்திய அமைதி நேரம் என்பதால் மறுப்புச் சொல்லவும் வழி குறைவு. 2024 ஜனவரியில் அமெரிக்காவில் நியூ ஹம்சயர் மாநில மக்களுக்கு பைடனின் குரலிலேயே வாக்களிக்க வர வேண்டாம் என்று அழைப்பு வந்தது. 2023 மே மாதத்தில் பென்டகனில் குண்டு வெடித்ததாக ஒரு பொய்ப் படம் வந்து, பங்குச் சந்தையே சில நிமிடம் ஆடிப்போனது. தமிழில் மட்டும் என்ன குறைச்சல்? 2023 நவம்பர் 27, மாவீரர் நாளன்று பிரபாகரனின் மகள் துவாரகா என்று ஒரு பெண் வீடியோவில் தோன்றினார். இயந்திரம் செய்த முகம் என்றார்கள் சிலர், ஆள் மாறாட்டம் என்றார்கள் சிலர், அவரேதான் என்றும் சிலர் கண்ணீர் விட்டார்கள். 2009இல் போரோடு முடிந்துபோன ஒரு துயரத்தை வைத்தே இப்படிச் செய்ய முடிகிறது.

அதே 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் இன்னொரு கூத்து. அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பேசியதாக ஒலிப்பதிவு வெளிவந்தது. வெளியிட்டவர்கள் அசல் என்றார்கள், அவர் போலி என்றார். இதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. போலி செய்ய முடியும் என்று ஊருக்கே தெரிந்துவிட்டால், உண்மையாகத் தப்புப் பேசி மாட்டிக்கொண்டவனும் "அது ஏஐ" என்று கையை விரித்துவிடலாம். நாளைக்கு ஒரு அரசியல்வாதி நம்மைப் பற்றி மேடையில் நஞ்சு கக்கிவிட்டு, வீடியோ வந்ததும் அப்படியே சொல்வார். அப்போது நாம் என்ன செய்வது?

சரி, உலகத்தை விடுங்கள். நம்மட பக்கத்துக்கு வருவோம்.

இந்தக் கரையோரத்தில் பொய் வாழ்கிற இடம் இரண்டு மொழிக்கு நடுவில் இருக்கிற இடைவெளி. நாம் தமிழில் பேசுகிறோம். லகுகலையிலும் சியம்பலாண்டுவையிலும் அம்பாறை நகரிலும் இருக்கிறவர்கள் சிங்களத்தில் கேட்கிறார்கள். நடுவில் நின்று மொழிபெயர்ப்பவன் யாரோ, அவன் கையில் நம் தலை. இதற்கு ஏஐ பிறக்கும் முன்பே விலை கொடுத்திருக்கிறோம். மன்னார்ப் பக்கத்துக் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 'நவரசம்' என்று ஒரு தமிழ்க் கவிதைப் புத்தகம் போட்டார். அதில் தீவிரவாதம் இருக்கிறது என்று 2020 மே மாதத்தில் அவரைப் பிடித்தார்கள். தமிழ் தெரிந்தவர்கள் வாசித்துவிட்டு, வன்முறைக்கு எதிராக அல்லவா எழுதியிருக்கிறார் என்றார்கள். பிணையில் வெளியே வர 2021 டிசம்பர் ஆகியது, வழக்கில் விடுதலையாக 2023 டிசம்பர். 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் உடுத்திருந்த கவுனில் கப்பல் சுக்கான் படம். அது தர்மச்சக்கரம் என்று பிடித்து உள்ளே போட்டார்கள். உண்மையான எழுத்துக்கும் உண்மையான உடுப்புக்குமே இந்த நிலை என்றால், கணினியில் செய்து எடுத்த பயானுக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மௌலவியின் வாய் அசைகிறது, குரல் அவருடையது, கீழே சிங்களத்தில் பிழையில்லாத எழுத்து ஓடுகிறது. முன்பெல்லாம் வெளியில் இருந்து செய்கிற போலித் தமிழை ஒரு வரியில் பிடித்துவிடுவோம். எழுத்துப் பிழையும் மொழிபெயர்ப்பு நாற்றமும் காட்டிக் கொடுக்கும். அந்தக் காவல் போய்விட்டது. எதிர்ப்பக்கம் இருந்து நமக்கு வருகிற பொய்யும் இனி நல்ல தமிழில்தான் வரும். ஹாமுதுரு (பௌத்த பிக்கு) ஒருவர் நம்மைத் திட்டுவது போல ஒரு குரல், தமிழ் எழுத்தோடு நம் குரூப்புக்கு வந்தால் நம் பொடியனுகள் சும்மா இருப்பார்களா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

பொத்துவிலுக்கு இன்னும் இரண்டு ஆபத்து தனியாக இருக்கிறது. ஒன்று அறுகம்பை. அங்கே சீசன் ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபர் வரை. அலைச்சறுக்கலுக்கு வருகிற வெள்ளைக்காரரை நம்பி ஓட்டோக்காரன், ரொட்டிக் கடைக்காரன், அறை வாடகைக்கு விடுகிறவன் என்று பாதி ஊர் பிழைக்கிறது. 2024 ஒக்டோபர் 23ஆம் திகதி, அறுகம்பையில் தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விட்டது. விசேட அதிரடிப் படை வந்து நின்றது. இஸ்ரேல்காரரை வெளியேறச் சொல்லி அவர்களுடைய அரசாங்கமே அறிவித்தது. அது அரசாங்கங்கள் விட்ட எச்சரிக்கை, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நாட்களில் ஊர் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது என்று நமக்குத் தெரியும். அப்படி ஒரு இரவில் "பொத்துவில் இளைஞர்கள்" என்று பேர் போட்டு முகம் மூடிய நாலு பேரின் வீடியோவை எவனாவது செய்து விட்டிருந்தால்? ஜெருசலேமில் இருப்பவனுக்கோ கொழும்பில் இருப்பவனுக்கோ பெரிய பள்ளிச் சந்தியையும் மெயின் வீதியையும் அடையாளம் தெரியாது. சீசன் அதோடு முடிந்திருக்கும், கூடவே நாலு வீட்டுப் பிள்ளைகளின் வாழ்க்கையும்.

மற்றது கடல். 2004 டிசம்பர் 26ஐ இங்கே ஒருவரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை தரம் "கடல் வருது" என்று பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி இந்தோனேசியாவுக்கு அப்பால் பெரிய நிலநடுக்கம் வந்தபோது விடுத்த எச்சரிக்கை உண்மையானது, ஓடியது சரி. ஆனால் 2025 ஜூலையில் ரஷ்யாவின் கம்சட்காவில் 8.8 அளவில் நிலம் ஆடியபோது, கணினியில் செய்த சுனாமி வீடியோக்கள் உலகம் முழுக்கச் சுற்றின. ராட்சத அலை, நொறுங்குகிற கட்டடம், அலறுகிற சனம். எல்லாம் கச்சிதம், அவற்றில் காட்டியது ஒன்றும் நடக்கவில்லை. நாளைக்கு அதே அலையை அறுகம்பைப் பாலத்துக்கு மேலே வைத்து ஒருத்தன் செய்தால், இரவு பன்னிரண்டு மணிக்கு எந்த உம்மா சோதித்துப் பார்த்துவிட்டு ஓடுவாள்? நாலு தரம் பொய்க்கு ஓடினால், ஐந்தாம் தரம் உண்மையான எச்சரிக்கை வரும்போது புலி வருது கதைதான். பாயில் இருந்து எழும்ப மாட்டோம். கடல் விசயத்தில் கேட்க வேண்டிய இடம் அனர்த்த முகாமைத்துவ நிலையம், நம்பர் 117. போனில் பதிந்து வையுங்கள். குரூப்பில் வருகிற அலையை நம்பாதீர்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். ஆறு விரல் இருக்கிறதா பார், கண் சிமிட்டுகிறதா பார் என்று இன்னும் சிலர் வகுப்பெடுக்கிறார்கள். அது பழைய கதை. விரல் எண்ணிப் பார்த்து இனி ஒன்றும் ஆகாது. கண்ணும் காதும் இனிச் சாட்சி இல்லை என்று ஒப்புக்கொண்டு, வேறு வழிக்குப் போவதுதான் புத்தி. அந்த வழி நமக்குப் புதிதும் இல்லை. ஹதீஸ் கலை படித்தவர்கள் என்ன செய்தார்கள்? சொன்ன பேச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும், இதை உனக்கு யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்று அறிவிப்பாளர் வரிசையைக் கேட்டார்கள். நடுவில் ஒரு ஆள் தெரியாதவர் என்றால் அந்தப் பேச்சைப் பலவீனமானது என்று ஒதுக்கி வைத்தார்கள். செய்தி கொண்டு வருகிறவனைத் தீர விசாரிக்கச் சொல்கிற ஹுஜுராத் சூராவின் ஆறாம் வசனம் நாம் குத்பாவில் எத்தனையோ தரம் கேட்டது. வட்ஸ்அப்பில் ஒரு செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று கம்பனியே சொல்கிறது. அதாவது வரிசை அறுந்த செய்தி. 2019இல் இருந்து ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாது, அதிகம் சுற்றிய செய்தியை 2020இல் இருந்து ஒரு தரத்துக்கு ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம். கம்பனிக்காரனே பயந்து பூட்டுப் போட்டிருக்கிறான். நாம் ஒவ்வொரு குரூப்பாகத் திறந்து பொறுமையாகப் போடுகிறோம்.

அதிலும் ஒரு வசனம் இருக்கிறது. "உண்மையா பொய்யா தெரியா, எதுக்கும் போடுறன்." நம் குரூப்புகளில் இதைவிட ஆபத்தான வசனத்தை நான் கண்டதில்லை. எதற்கும் போடுகிறவன் நல்லவன்தான், ஊர்மேல் அக்கறை உள்ளவன். நெருப்பைக் கை மாற்றுகிறவனும் அவன்தான். தெரியாவிட்டால் போடாதே தம்பி. சம்பந்தப்பட்ட ஆளுக்கு ஒரு கோல் எடு. மௌலவி பேசியதாக வந்தால் மௌலவியைக் கேள். கடை எரிகிறது என்று வந்தால் அந்தத் தெருவில் இருக்கிற மச்சானைக் கேள். கட்டாரில் இருக்கிற மகன் குரலில் அவசரமாகச் சல்லி கேட்டு வந்தால், போனை வைத்துவிட்டு அவனுடைய பழைய நம்பருக்கு நீயே எடு. வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், பிரச்சினை என்று குரல் வந்தால் அந்தச் சொல்லைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் வைத்துவிட்டோம். என்ன சொல் என்று இங்கே எழுத மாட்டேன். போலி என்று சந்தேகம் வந்தால் தமிழிலேயே சரிபார்த்துச் சொல்ல ஃபெக்ட் கிரசென்டோ, ஃபெக்ட் சீக்கர் போன்றவர்கள் இருக்கிறார்கள். முகத்தையோ குரலையோ திருடி யாராவது போலி செய்திருந்தால் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் நம்பர் 101. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. ஆனால் அதை நம்பி நான் தூங்க மாட்டேன். சட்டம் வருவதற்குள் கூட்டம் வந்துவிடும். கவுன் உடுத்த பெண்ணைப் பிடித்ததும் ஒரு சட்டத்தை வைத்துத்தான்.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். 2018இல் அந்த இரவு, கடைக்காரருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பெரிய மனிதர், இரண்டு பக்கமும் மதிக்கிற ஒருவர் வந்து நின்றிருந்தால், மாவை மா என்று சொல்லியிருப்பார். போனில் ஒரு கோல் போதுமாக இருந்தது. உங்கள் பள்ளித் தலைவரின் போனை எடுத்துப் பாருங்கள். லகுகல பன்சலை ஹாமுதுருவின் நம்பர் அதில் இருக்கிறதா? பாணமையில் ஒருவருடைய நம்பர்? அந்த ஹாமுதுருவின் போனில் உங்கள் நம்பர் இருக்கிறதா? இல்லையென்றால், வருகிற வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் நாலு பேர் ஒரு வேனில் ஏறிப் போய் அதை வாங்கிக்கொண்டு வாருங்கள்.